ஐந்து வரி தேறியவர்

எங்கள் நிலையத்தில் ஒருவருக்குப் பார்வை தேறிவிட்டது என்று காகிதத்தில் ஏறிவிட்டால், அதற்குப் பிறகு அவருடைய கண்ணை யாராலும் காப்பாற்ற முடியாது. கேள்விப்பட்டு இதைச் சொல்லவில்லை. மெக்சிகோவில், வெராக்ரூஸ் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் விழித்திரை உயர் ஆய்வு நிலையத்தில், நான்காம் சன்னலில் உட்கார்ந்து பதினொரு வருடம் பைல் எடுத்துக் கொடுத்தவன், முத்திரை குத்தியவன் நான். தோன் செனோபியோவின் காகிதங்களில் இருக்கும் முத்திரை அத்தனையும் என் கை குத்தியதுதான். ஆகவே இங்கே நான் திட்டப்போகும் திட்டில் ஒரு பங்கு எனக்கும் உண்டு.

செனோபியோ உஸ்காங்கா லகூனெஸ், வயது அறுபத்தெட்டு. தோன் என்பது எங்கள் ஊரில் பெரியவர்களை மரியாதையாகக் கூப்பிடும் சொல். முப்பத்தொரு வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, கீழே கப்பலின் வயிற்றுக்குள் சரக்குப் பெட்டியை இரண்டு விரல் இடைவெளியில் இறக்கிவைத்த ஆள். சர்க்கரை வந்து இருபது வருடம் ஆகிறது. வலது கண் போயே போய்விட்டது. இடது கண்ணை வெளிநோயாளிப் பிரிவில் ஓர் இளம் பெண் டாக்டர் பார்த்தார். "உள்ள கசியுது தாத்தா. ரெண்டு மூணு மாசத்துல லேசர் வச்சுட்டா இருக்கிறதக் காப்பாத்திரலாம்" என்று சொல்லி, சீட்டு எழுதிக் கொடுத்தார். அவர் வேலை தெரிந்த டாக்டர். அடுத்த மாதமே அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

லேசர் அறைக்குப் போகிற வழியில் ஆய்வுப் பிரிவைத் தாண்டித்தான் போகவேண்டும். அங்கே அப்போது ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மருந்தின் பெயர் வி.ஆர்.17. சர்க்கரை நோயில் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் மயிரிழை ரத்தக்குழாய்கள் இறுகி அடைத்துக்கொள்ளும், பிறகு கசியும். இந்த மாத்திரை குழாய்களைத் தளர்த்தி ரத்தத்தை ஓடவிடும் என்று எதிர்பார்த்தார்கள். எதிர்பார்த்ததில் தப்பில்லை. பாதிப் பேருக்கு மருந்து, மறுபாதிப் பேருக்கு அதே நிறத்தில் மாவு மாத்திரை, யாருக்கு எது என்பது ஒட்டிய உறைக்குள். அதிலும் தப்பில்லை. தப்பெல்லாம் எங்கள் கட்டடத்துக்குள் இருந்தது.

சம்மதப் பத்திரம் இருபத்தாறு பக்கம். எறும்பு ஊர்வதுபோல எழுத்து. நோயாளி தாமே படித்துப் புரிந்துகொள்ள வேண்டும், பிறர் படித்துக் காட்டக் கூடாது என்பது முதல் பக்கத்து விதி.

"இதப் படிக்க முடிஞ்சா நான் ஏம்மா இங்க வரேன்?" என்றார் தோன் செனோபியோ.

நர்ஸ் யாதிரா பேனாவை எடுத்தாள். "படிச்சுப் புரிஞ்சுகிட்டார்னு எழுதிக்கிறேன், தோன் செனோ. இங்க வர்ற எல்லாரும் புரிஞ்சுகிட்டவங்கதான்."

"லேசர்?"

"ஆய்வுல இருக்கிற வரைக்கும் லேசர் கிடையாது. ஆனா பயப்படாதீங்க. பலகையில உங்க அளவு ரெண்டு வரி குறைஞ்சா அன்னிக்கே ஆய்வுலேருந்து வெளிய எடுத்து, அன்னிக்கே லேசர். வரிசையே கிடையாது. பக்கம் பத்தொன்பதுல இருக்கு."

வரிசையே கிடையாது என்ற சொல்தான் அவரை விழவைத்தது. எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு விழாதவர் இல்லை. அவர் கையெழுத்துப் போட்டார். நான் முத்திரை குத்தினேன்.

பலகையைப் பற்றிச் சொல்லவேண்டும். எழுத்தறியாதவர்களுக்கும் ஆகட்டும் என்று, அதில் எழுத்துக்குப் பதிலாக மூன்று பல் முள்கரண்டி போன்ற ஓர் உருவம் மட்டும் இருக்கும். மேல்வரியில் ஒன்று பெரிதாக. கீழே போகப்போகச் சிறிதாகி எண்ணிக்கை கூடும். மொத்தம் எட்டு வரி. முள் எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது என்று நோயாளி கையால் காட்டவேண்டும். வலது, இடது, மேலே, கீழே, அவ்வளவுதான். விதிப்படி மேலிருந்து கீழாக, வரிசை மாறாமல் கேட்கவேண்டும்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று மூன்று விதமான பலகைகளை அனுப்பியிருந்தது, மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதற்காக. அவற்றில் இரண்டுக்குச் சொத்துப் பதிவு எண் ஒட்டிவிட்டார்கள். பதிவு எண் ஒட்டிய பொருளை நோயாளிகள் இருக்கும் இடத்தில் மாட்டினால் சேதமாகும் என்று, அவை டைரக்டர் அறையில் சட்டம் போட்டுத் தொங்கின. எண் ஒட்ட மறந்துபோன மூன்றாவது பலகைதான் வேலைக்கு வந்தது.

பலகைக்கும் நாற்காலிக்கும் ஆறு மீட்டர் இருக்கவேண்டும். அறை மூன்று மீட்டர்தான். மீதி மூன்றை டைரக்டர் தன் கூட்ட அறையோடு சேர்த்துக்கொண்டிருந்தார். ஆகவே கதவைத் திறந்துவைத்து, நாற்காலியை வெளியே நடையில் போட்டார்கள். நடையில்தான் மற்ற நாற்பது நோயாளிகளும் காத்திருந்தார்கள். ஒருவர் கை காட்டுவதையும், யாதிரா "சரி", "தப்பு" என்பதையும் மாதாமாதம் நாற்பது பேரும் கேட்டார்கள்.

தோன் செனோபியோவுக்கு ஒரு பலவீனம் உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் சதுக்கத்தில் முனிசிபல் இசைக்குழு வாசிக்க, வயதானவர்கள் ஜோடியாக ஆடும் தன்சோன் ஆட்டத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, கையில் மனைவி எர்மீலா. தரையில் பதித்த ஒரு ஓட்டுக்கல்லைத் தாண்டிக் கால் போகக் கூடாது என்பது அந்த ஆட்டத்தின் மானம். பின்னால், வலப்பக்கம், முன்னால், இடப்பக்கம். அப்படி ஆடிப் பழகிய காலுக்கு முள்கரண்டிப் பலகை எவ்வளவு நேரம் தாங்கும்? மூன்றாவது மாதமே எட்டு வரியும் காலில் ஏறிவிட்டது. அவர் ஏமாற்ற நினைக்கவில்லை. நடையில் நாலைந்து பெண்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது "தெரியலை" என்று சொல்ல அவருக்கு வாய் வராது, அவ்வளவுதான்.

"ஒண்ணாம் வரி வலது. ரெண்டாவது மேல, இடது. மூணாவது கீழ, வலது, மேல" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தபடி கால் போடுவார். பக்கத்து நாற்காலி மீன்காரி அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். அவளிடமிருந்து ஓய்வுபெற்ற தபால்காரர். ஆறு மாதத்தில் நடையே ஒரே தாளத்தில் காலைத் தட்டிக்கொண்டிருந்தது. யாதிரா கையில் பலகையைக் காட்டும் குச்சியோடு நின்று, அதே தாளத்தில் "சரி, சரி, சரி" என்று எழுதினாள்.

தோன் செனோபியோ மூன்றாம் வரியில் தொடங்கினார். இப்போது எட்டாம் வரி. ஐந்து வரி முன்னேற்றம். டைரக்டர் டாக்டர் லிசாந்த்ரோ ரிவாதெனெய்ரா அந்தத் தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நான்காம் சன்னல் வரைக்கும் நடந்து வந்தார். அவர் சொந்தக் காலில் நடந்து வந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அடுத்த வருடம் மே மாதத்தில் ஒருநாள் கடற்கரைக் காப்பிக்கடையில் தோன் செனோபியோவையும் எர்மீலாவையும் பார்த்தேன். எங்கள் ஊரில் டம்ளரின் அடியில் காப்பிச் சாறு வரும். கரண்டியால் டம்ளரைத் தட்டினால், பால் கெட்டிலோடு பணியாள் வந்து உயரத்திலிருந்து ஊற்றுவான். தோன் செனோபியோ தட்டினார். அவன் வந்து விளிம்புவரை ஊற்றிவிட்டுப் போனான். தோன் செனோபியோ திரும்பவும் தட்டினார்.

"என்னடா இவன், எவ்வளவு நேரந்தான் தட்டுறது?"

எர்மீலா அவர் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கினாள். "ஊத்திட்டான், கிழவா. நிறைஞ்சு நிக்குது."

அவர் விரலை டம்ளருக்குள் விட்டுப் பார்த்தார். சூட்டில் விரலை உதறினார்.

"நீ அங்க போயி ஆடிட்டு வரியா, கண்ணக் காட்டிட்டு வரியா?" என்றாள் எர்மீலா. "நேத்து என்னத் தூண்னு நெனச்சு சுத்திக்கிட்டுப் போனே. அடுத்த தடவ வாயத் தொறந்து, தெரியலன்னு சொல்லு. ரெண்டு வரி குறைஞ்சா லேசர்னு அந்தப் பொண்ணுதானே சொல்லிச்சு?"

சொன்னார். அடுத்த மாதம் நாற்காலியில் உட்கார்ந்து, காலை அசைக்காமல், "எனக்கு ஒண்ணுமே தெரியலம்மா" என்றார்.

யாதிரா சிரித்தாள். "விளையாடாதீங்க, தோன் செனோ. போன மாசம் எட்டு வரி சொன்னீங்க."

"அது மனப்பாடம்."

"மனப்பாடம்னு ஒரு கட்டம் இந்தத் தாள்ல இல்லியே."

இருந்த கட்டங்கள் மூன்று. சரி, தப்பு, ஒத்துழைக்கவில்லை. கை காட்டாதவர் ஒத்துழைக்காதவர். ஒத்துழைக்காதவருக்கு என்ன அளவு போடுவது என்பதற்கும் விதி இருந்தது, அவர் கடைசியாக ஒத்துழைத்த நாளின் அளவையே போடவேண்டும். அவர் எட்டு வரி தெரிந்தவராகவே வீட்டுக்குப் போனார். நான் முத்திரை குத்தினேன்.

அதற்கடுத்த மாதம் தெரிந்தே தப்புத் தப்பாகக் கை காட்டினார். வலதுக்கு இடது, மேலுக்குக் கீழ். யாதிரா குழம்பி மேலிடத்தைக் கேட்டாள். ஒன்றுகூட விடாமல் அத்தனையும் தப்பாகச் சொல்வதற்கு அத்தனையும் தெரிந்திருக்கவேண்டும் என்று மேலிடம் பதில் எழுதியது. எட்டு வரி.

கண்ணுக்குள் எட்டிப் பார்த்தால் தெரிந்திருக்காதா என்று நீங்கள் கேட்கலாம். எட்டிப் பார்த்தோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கண்ணின் உள்பக்கத்தைப் படம் பிடித்தோம். முடிவு தெரிந்துவிட்டால் பாரபட்சம் வரும் என்று, படங்களை ஆய்வு முடியும்வரை திறக்கக் கூடாத பெட்டியில் போட்டுப் பூட்டினோம். அந்தப் பெட்டிக்குள் தோன் செனோபியோவின் கண் வண்ணத்தில் கசிந்துகொண்டிருந்தது. வேறு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால், எங்கள் நிலையத்தின் கடிதத்தைக் கேட்டார்கள். எங்கள் கடிதம் அவருக்கு வாழ்த்துச் சொல்லியது.

இதற்கிடையில் அவர் வாசல் கண்ணாடிக் கதவில் மோதி மூக்கை உடைத்துக்கொண்டார். உடனே விசாரணை வைத்தார்கள். கண்ணாடி அளவுக்கு மீறிச் சுத்தமாக இருந்ததே காரணம் என்று கண்டுபிடித்தார்கள். துடைக்கும் பெண்ணுக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது. இன்றுவரை அந்தக் கதவை யாரும் துடைப்பதில்லை.

மூக்கில் கட்டோடு அவர் டைரக்டரின் குழு முன்னால் போய் நின்றார். பைல் எடுத்துக்கொண்டு நானும் கூடப் போனேன். குழு உட்கார்ந்திருந்த அந்த நீள அறையின் பாதி, பலகைக்குச் சேரவேண்டிய மூன்று மீட்டர். சுவரில் இரண்டு பலகைகளும் சட்டத்துக்குள் பளபளத்தன.

"உங்க பார்வை குறைஞ்சிருக்குன்னு யார் சொல்றது?" என்றார் டாக்டர் ரிவாதெனெய்ரா.

"நான்தான் சொல்றேன், டாக்டர்."

"நீங்க கண் டாக்டரா?"

"கிரேன் ஓட்டினவன்."

"அப்போ உங்ககிட்ட இருக்கிறது ஒரு அபிப்பிராயம். எங்ககிட்ட இருக்கிறது அளவு. இருபது மாச அளவு. ஒரு மனுஷன் தன்னோட கண்ணப் பத்தி நடுநிலையாப் பேச முடியுமா? அதனாலதான் நோயாளி சொல்றத நாங்க கணக்குல எடுத்துக்கிறதே இல்ல. விஞ்ஞானம்னா அதுதான்."

"கதவுல மோதிக்கிட்டேனே, டாக்டர்."

"மோதினீங்க. நேரா மோதினீங்க. கதவு எங்க இருக்குன்னு தெரியாதவர் அவ்வளவு நேரா மோத முடியாது."

குழுவில் இருந்த மற்ற நால்வரும் தலையாட்டினார்கள். ஒருவர் குறிப்பும் எடுத்துக்கொண்டார்.

"அப்ப என்னைய ஆய்வுலேருந்து விட்டுருங்க" என்றார் தோன் செனோபியோ. "எனக்கு மாத்திர வேண்டாம், மரியாதை வேண்டாம். லேசர் மட்டும் குடுங்க."

விலகுவதற்கு ஒரு படிவம் இருந்தது. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அதில் காரணத்துக்கு மூன்றே கட்டங்கள் இருந்தன. வெளிமாநிலத்துக்குக் குடிபோதல், கர்ப்பம், மரணம். குடிபோனதாக எழுதினால் எங்கள் மாநிலத்தில் லேசர் கிடையாது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எர்மீலாவிடம் வந்து இதைச் சொன்னோம்.

"கர்ப்பம்னு போட்டுக்கோங்க தம்பி, நான் ஆகிக்கிறேன்" என்றார் தோன் செனோபியோ.

"ஆகணும்னா நான்தான் ஆகணும். அதுக்கும் ஒனக்கு முதல்ல தூணுக்கும் எனக்கும் வித்தியாசம் தெரியணும்" என்றாள் எர்மீலா. மூவரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவள் அழுதாள்.

செப்டம்பரில் விழா வந்தது. மாநிலச் சுகாதாரச் செயலர் வருகிறார், இடைக்கால முடிவுகளை அறிவிக்கிறார்கள், தேறிய நோயாளி ஒருவர் மேடையில் ஏறி எல்லார் முன்னாலும் பலகையைச் சொல்லவேண்டும். யாரென்று சொல்லத் தேவையில்லை. நிலையத்தின் வாசலில் அவர் படத்தை ஆளுயரத்துக்கு ஒட்டிவிட்டார்கள். அதன் கீழேயே நின்று "ஆய்வுப் பிரிவு எந்தப் பக்கம்?" என்று அவர் வழி கேட்டதை நானே பார்த்தேன்.

காப்பிக்கடையில் என்னையும் உட்காரவைத்து அவர் தன் யோசனையைச் சொன்னார். "தெரியலன்னு சொன்னா ஒத்துழைக்கலங்கிறான். தப்பாச் சொன்னா கெட்டிக்காரன்கிறான். சரி, சரியாவே சொல்லுறேன். ஆனா பலகைக்கு முதுகக் காட்டிக்கிட்டு சொல்லுறேன். எட்டு வரியையும். அத்தன பேர் பார்ப்பாங்க. பார்க்காமச் சொல்றான், இவனுக்கு மனப்பாடம்னு ஒருத்தனுக்காவது புரியாதா?"

"செயலருக்குப் புரியும்" என்றேன். புரியும் என்று நானும் நம்பினேன், இதுதான் வெட்கக்கேடு.

ஒத்திகையில் பலகை மேடையின் வலது ஓரத்தில் இருந்தது. அவர் அடியெண்ணி வைத்துக்கொண்டார். விழா நாளன்று, பலகை கொடியை மறைக்கிறது என்று படம் எடுப்பவர்கள் சொன்னதால், அதைத் தூக்கி இடது ஓரத்தில் வைத்துவிட்டார்கள். அவரிடம் யாரும் சொல்லவில்லை. பார்வை உள்ளவரிடம் ஏன் சொல்லவேண்டும்?

முதலில் டைரக்டர் பேசினார். பெயர்களை மறைத்து வெளியூரில் கூட்டிய கணக்கு அவர் கையில் இருந்தது, யாருடைய உறையையும் இன்னும் உடைக்கவில்லை. "வி.ஆர்.17 சாப்பிட்ட நோயாளிகள் சராசரியாக நான்கு வரி முன்னேறியிருக்கிறார்கள். மாவு மாத்திரை சாப்பிட்டவர்களும் அதே நான்கு வரி முன்னேறியிருக்கிறார்கள். இதைக் குறை என்று சொல்லும் சிறுமதியாளர்கள் உண்டு. நான் கேட்கிறேன், சாப்பிடாதவர்களையே குணமாக்கும் மருந்து இதற்கு முன் உலகத்தில் எங்கே இருந்தது? இந்த மருந்தின் பக்கத்தில் உட்கார்ந்தாலே போதும் என்பதை நம் நடை நிரூபித்திருக்கிறது!"

கைதட்டல். நடைக்காரர்கள் நாற்பது பேரும் கடைசி வரிசைகளில் உட்கார்ந்திருந்தார்கள். மேடை எந்தப் பக்கம் என்று சத்தத்தை வைத்துத் தெரிந்துகொண்டு தட்டினார்கள்.

தோன் செனோபியோ வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பியில் மேடை ஏறினார். நடுவில் போய் நின்றார். தொப்பியைக் கழற்றிச் செயலர் இருக்கும் திசைக்கு வணக்கம் வைத்தார். பிறகு, ஒத்திகையில் எண்ணிய கணக்குப்படி, பலகைக்கு நன்றாக முதுகைக் காட்டிக்கொள்வதாக நினைத்துத் திரும்பி, இடது ஓரத்தில் நின்ற பலகையை நேருக்கு நேர் பார்த்தபடி நின்றார். நான் கடைசி வரிசையில் எழுந்தேன். எர்மீலா என் சட்டையைப் பிடித்தாள். "என்ன தம்பி? ஏன் எழுந்திரிச்சிங்க? சரியா நிக்கிறாரா?" அவள் கண்ணும் அவ்வளவு தூரத்துக்கு எட்டாது. நான் திரும்ப உட்கார்ந்துவிட்டேன்.

"ஒண்ணாம் வரி, வலது" என்று தொடங்கினார். "ரெண்டு, மேல, இடது. மூணு, கீழ, வலது, மேல." ஒரே ஓட்டுக்கல்லுக்குள் கால் போட்டு ஆடிக்கொண்டே சொன்னார். முள்கரண்டி இம்மிகூடப் பிசகவில்லை. எட்டாம் வரி முடிந்து, ஆட்டத்தின் இறுதியில் நிற்பதுபோல நிமிர்ந்து நின்றார். அவருடைய முகத்தில் அப்படியொரு வெற்றியை நான் சதுக்கத்தில்கூடப் பார்த்ததில்லை.

"பார்த்தீங்களா!" என்று கத்தினார். "நான் பலகையப் பார்க்கவே இல்ல!"

மண்டபம் எழுந்து நின்று தட்டியது. டைரக்டர் ஓடிவந்து மைக்கைப் பிடித்தார். "கேட்டீர்களா? பார்க்கிறோம் என்கிற உணர்வே இல்லாமல் பார்க்கிறார்! முயற்சியே இல்லாத பார்வை!" செயலர் எழுந்து வந்து தோன் செனோபியோவைக் கட்டிப்பிடித்தார். "கண்ண இமைக்காமப் பார்த்தாரே மனுஷன்" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

மறுநாள் எர்மீலா அவரைக் கைப்பிடித்து நான்காம் சன்னலுக்கு அழைத்துவந்தாள். பலகை எந்தப் பக்கம் இருந்தது என்பதை இரவே அவளுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவள் அவரிடம் சொல்லியிருந்தாள். மனிதர் பத்து வயது கூடிப்போனவராக நின்றார்.

"தம்பி, முதுகக் காட்டக்கூட எனக்குக் கண்ணு வேணும்போல" என்றார்.

பதினொரு வருடத்தில் முதல்முறையாக முத்திரைப் பெட்டியைத் திறந்து எந்த முத்திரை என்று யோசித்தேன். விலகல் படிவத்தை எடுத்தேன். மூன்றாவது கட்டத்தில் குறி போட்டேன்.

"தோன் செனோ, நீங்க செத்துப்போறீங்க."

"எப்போ?"

"இப்போ. ஆட்சேபம் உண்டா?"

"லேசர் உண்டா?"

"செத்தா உண்டு."

"சீக்கிரம் சாகடிப்பா."

மூன்று காரணத்துக்கும் ஒரே படிவம் என்பதால், மரணத்துக்கும் கீழே நோயாளியின் கையொப்பம் கேட்டிருந்தது. எர்மீலா அவர் விரலைக் கோட்டின்மேல் வைத்தாள், அவர் தம் மரணத்துக்குக் கையெழுத்துப் போட்டார். நான் முத்திரை குத்தினேன். இறந்தவர் எப்படிக் கையெழுத்திட்டார் என்று மேலே ஒருவர்கூடக் கேட்கவில்லை. கையெழுத்து இல்லாதிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

பிறகு புதுப் பைல் ஒன்றைத் திறந்தேன். எங்களுக்கெல்லாம் அப்பா வழி ஒரு குடும்பப் பெயர், அம்மா வழி ஒன்று. அப்பா வழியை வெட்டிவிட்டு, செனோபியோ லகூனெஸ் என்று எழுதினேன்.

"அப்பா பேர் கேட்டா?" என்றார் அவர்.

"உங்க அப்பா உங்க அம்மாவ விட்டுட்டு ஓடிட்டார்."

"நல்ல மனுஷன், பாவம். சரி, ஓடட்டும்."

செத்த நோயாளியின் உறையை உடைத்துப் பார்ப்பது விதி. உடைத்தார்கள். இருபது மாதம் தோன் செனோபியோ விழுங்கியது மாவு. டைரக்டர் அரை நாள் அறைக்குள் அடைந்துகிடந்தார். வெளியே வரும்போது முகம் மலர்ந்திருந்தது. மாவு மாத்திரைக்கு வி.ஆர்.18 என்று பெயர் வைத்து, தனி ஆய்வுக்கு விண்ணப்பம் எழுதச் சொன்னார். வி.ஆர்.17 உண்மையிலேயே நல்ல மருந்தா இல்லையா என்பது இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. அது எங்களிடம் வந்து மாட்டிக்கொண்டது, அதன் தலைவிதி.

செனோபியோ லகூனெஸ் என்ற புது நோயாளிக்கு அக்டோபர் கடைசியில் லேசர் வைத்தார்கள். அவரை யாரும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. வாசலில் ஆளுயரப் படம் இன்னும் இருந்தது. ஆனால் எங்கள் கட்டடத்தில் முகத்தை யாரும் பார்ப்பதில்லை, கையிலிருக்கும் சீட்டைத்தான் பார்ப்பார்கள். கசிவு நின்றது. வந்த முதல் நாளே வைத்திருந்தால் என்ன மிஞ்சியிருக்குமோ அது மிஞ்சவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் எர்மீலாவையும் தூணையும் பிரித்துக் காணும் அளவுக்கு மிஞ்சியது.

மறுபரிசோதனைக்கு அவர் வந்த நாள் இறந்தோர் தினத்துக்கு முந்திய நாள். ஒவ்வொரு பிரிவும் செத்துப்போன ஒருவருக்கு முன்கூடத்தில் படையல் அடுக்கி, எது சிறந்தது என்று போட்டி வைப்பது வழக்கம். ஆய்வுப் பிரிவுக்கு அந்த வருடம் முதல் பரிசு. நடுவில் தோன் செனோபியோவின் படம், சுற்றி மெழுகுவத்தி, இனிப்பு ரொட்டி, பால் ஊற்றிய காப்பி டம்ளர். "பார்வையோடு போனவர்" என்று தங்க எழுத்து. தரையில் மஞ்சள் செவ்வந்தி இதழால் முள்கரண்டிப் பலகை, எட்டு வரியும். டைரக்டர் காலையில் அதன்முன் நின்று, எந்தக் கண்ணும் இதைவிட அதிகம் ஆசைப்பட முடியாது என்று பேசிவிட்டுப் போயிருந்தார். பைலோடு தோன் செனோபியோவை அழைத்துவர நான் கீழே இறங்கினேன். எர்மீலா படத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அவருக்குப் படம் தெரியவில்லை. வாசனைதான் தெரிந்தது. "யாருக்குக் கிழவி இந்த ரொட்டி?"

"யாரோ ஒருத்தருக்கு" என்றாள் அவள்.

தரையில் மஞ்சளாக ஏதோ இருப்பது தெரிந்து, முட்டி போட்டு, முகத்தை அதன் பக்கத்தில் கொண்டுபோனார். இதழ்களை விரலால் தடவினார். முதல் வரி, இரண்டாம் வரி. மூன்றாம் வரியில் விரல் நின்றது.

"தப்பு" என்றார். "மூணாவது வரி. கீழ, வலது, மேல. நடுவுல இருக்கிறத இடது பக்கம் திருப்பி வச்சிருக்கான் மடையன்."

இருபத்தோரு மாதம் அந்தப் பலகையை வைத்து அளந்தவர்களில் ஒருவருக்கும் அது தெரியாது. அவர் சப்பணமிட்டு உட்கார்ந்து, இதழ்களைக் கூட்டி, முள்கரண்டியை வலது பக்கம் திருப்பி வைக்கத் தொடங்கினார். அப்போது வாசலிலிருந்து காவலாளி ஓடிவந்தான். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

"யோவ் பெரியவரே, பரிசு வாங்கின படையல் அது! கையெடுய்யா! கண்ணு தெரியலையா உனக்கு?"

அந்தக் கட்டடத்தில் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவன்தான். தோன் செனோபியோ குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினார்.

"தெரியலப்பா" என்றார். "ரொம்ப நாளா அதத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்."